புரூட்டலிசம்: மிருகத்தனம் அல்ல, பூசாமை

புரூட்டலிசம் என்ற கட்டடப் பாணியைத் தமிழில் 'மிருகத்தனக் கட்டடக்கலை' என்று எழுதிவிடுகிறார்கள். இங்கிலாந்தின் பர்மிங்காம் மத்திய நூலகத்தை இடித்த கதையிலும் இதே சொல்தான். படிக்கிறவர் என்ன நினைப்பார்? மிருகத்தனமான கட்டடம்தானே, போகட்டும் என்றுதான்.

பிரெஞ்சில் 'பெத்தோன் ப்ரூத்' என்றால் மேலே எதுவும் பூசாமல் வார்த்தபடியே விட்ட கான்கிரீட். பிரான்சின் மார்செய் நகரில் கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே கட்டி 1952இல் முடித்த குடியிருப்பு அப்படிப்பட்டது. 1955இல் கட்டடக்கலை விமர்சகர் ரெய்னர் பான்ஹாம் எழுதிய கட்டுரை புரூட்டலிசம் என்ற பெயரை நிலைநிறுத்தியது. மிருகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் இந்த 'ப்ரூத்' என்ற சொல்லுக்கும் இலத்தீன் வேர் ஒன்றுதானே என்பார்கள். சரி, வேர் ஒன்றானால் பொருளும் ஒன்றாகிவிடுமா?

'முரட்டுப் பாணி' கொஞ்சம் பரவாயில்லை, முரட்டுத் துணி என்கிறோமே. ஆனாலும் அதில் குணமும் ஒட்டிக்கொள்கிறது. கான்கிரீட்டுக்குத் தமிழில் கற்காரை என்று சொல் உண்டு, ஆனால் 'கற்காரைக் கலை' என்றால் நேர் எதிராகப் போகும். சுவரில் பூசியது உதிர்ந்தால்தானே 'காரை பெயர்ந்துவிட்டது' என்கிறோம்? பூச்சே இல்லாத சுவருக்கு அந்தச் சொல் எப்படிப் பொருந்தும்?

நான் சொல்வது 'பூசாக் கட்டடக்கலை'. கொத்தனாருக்கும் புரியும். சென்ட்ரிங் பிரித்ததும் பலகையின் மரவரியும் இடுக்குக் கோடும் கான்கிரீட்டில் பதிந்திருக்கும். நம் வழக்கில் அதைக் கலவை பூசி மறைப்போம். இவர்கள் அதையே சுவரின் முகமாக விட்டார்கள்.

பர்மிங்காமில் கட்டடக்கலைஞர் ஜான் மேடின் வடிவமைத்து 1974இல் திறந்த நூலகம், மேலே போகப் போக அகலும் தலைகீழ்ப் படிக்கட்டு போல நின்றது. வெளியே பளிங்கோ போர்ட்லண்ட் கல்லோ பதிக்கத்தான் அவர் விரும்பினார். செலவைக் குறைக்க வேண்டியிருந்ததால் கான்கிரீட்டே வெளிமுகமானது. இதில் மிருகத்தனம் எங்கே இருக்கிறது? புத்தகங்களை வைக்கும் இடமல்ல, எரிக்கும் இடம் போலிருக்கிறது என்று அன்றைய இளவரசர் சார்லஸ் சாடினார். பாரம்பரியக் கட்டடமாகப் பாதுகாக்கலாம் என்ற பரிந்துரையை அரசு ஏற்கவில்லை. 2013இல் மூடினார்கள், 2015 டிசம்பரில் தொடங்கி 2016இல் இடித்து முடித்தார்கள்.

ஆங்கிலத்தில் பெயரே இந்தக் கட்டடங்களுக்குக் கேடாக முடிந்தது. அந்தக் கேட்டைத் தமிழுக்கும் இழுத்துவருவது, அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டும் பழக்கம்தான். பாணியின் பெயர் மட்டும் வேண்டிய இடத்தில் புரூட்டலிசம் என்றே எழுதலாம். பொருள் புரிய வேண்டிய இடத்தில் பூசாக் கட்டடக்கலை.