'தேடினேன், வரவில்லை' என்பது ஆய்வு முடிவு அல்ல

நாகர்கோவில் பக்கத்துப் பழைய கல்லூரி மலர்களை (ஆண்டு இதழ்களை) வைத்து எழுதிய இன்னொரு ஆய்வேடு மேசைக்கு வந்திருக்கிறது. 1950-களின் மாணவர் எழுத்தில் 'விளையாட்டு' என்ற சொல் அரிதாம். எப்படித் தெரியும்? பிடிஎஃப்பில் தேடினார்களாம், வரவில்லையாம்.

தேடல் பெட்டி அச்சுப் பக்கத்தைப் படிப்பதில்லை, ஐயா. ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் மென்பொருள்) அந்தப் பக்கத்தைப் பார்த்து ஊகித்து எழுதிய நகலைத்தான் படிக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை நான்குக்கும் யானைத் துதிக்கை போல வளைந்த கொம்பு. ஓசிஆர் அதைப் பல நேரம் ஏகாரமாக எடுத்துக்கொள்ளும். விளையாட்டு 'விளேயாட்டு' ஆகும். இல்லை 'இல்லே' ஆகும். பழைய னா அதன் கண்ணுக்கு ஞ, பழைய றா ரு. எனவே ஆனால் 'ஆஞல்', என்றால் 'என்ருல்'. ஒரு மலரில் 'ஆனால்' ஒன்றுகூடச் சிக்கவில்லை என்றால், ஆனால் போடாமலே நூறு பக்கம் எழுதினார்கள் என்று நம்பிவிடுவீர்களா? 1978 தாண்டிவிட்டது என்றும் அசந்துவிடாதீர்கள். பழைய ஈய எழுத்தை அச்சகங்கள் ஒரே நாளில் தூக்கிப் போட்டுவிடவில்லை.

ஓசிஆர் சரியாகப் படித்தாலும் புணர்ச்சியும் மாற்று வடிவங்களும் இருக்கின்றன. கால்பந்து தேடுகிறவர் காற்பந்து, புட்பால் இரண்டையும் தேட வேண்டும். வீடு என்றால் வீட்டு, மரம் என்றால் மரத்து, வருடம் என்றால் வருஷம். வரி முடிவில் இரண்டாக உடைந்த சொல் பெரும்பாலும் தேடலில் வராது. இன்னொன்று: பல மலர்களில் ஆங்கிலப் பகுதி தனி. விளையாட்டு அறிக்கை அங்கே கிடந்தால் தமிழ்ப் பகுதியில் அந்தச் சொல் எப்படி மலிந்திருக்கும்? கிடைத்த சொல்லும் மாணவருடையதுதானா, திருத்திக்கொடுத்த தமிழாசிரியருடையதா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

ஆண்டிலும் வழுக்குகிறார்கள். 1956 நவம்பர் 1 வரை நாகர்கோவில் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சிச் சீமை. அட்டையில் கொல்லம் ஆண்டு (ஆவணியில் தொடங்கும் மலையாள ஆண்டுக் கணக்கு) இருந்தால் ஆவணி முதல் கார்த்திகை வரை 824 கூட்டுங்கள், தை முதல் ஆடி வரை 825. மார்கழி இரண்டு ஆங்கில ஆண்டில் விழும்; தேதி பார்க்காமல் முடியாது. ஆலயப் பிரவேச விளம்பரம் (எல்லா இந்துக்களுக்கும் கோயிலைத் திறந்த திருவிதாங்கூர் அரசரின் பிரகடனம்) வந்த ஐப்பசி 1112, ஆங்கிலக் கணக்கில் 1936 நவம்பர். கண்ணை மூடிக்கொண்டு 825 கூட்டினால் 1937 ஆகிவிடும்.

ஸ்கேன் செய்யும்போது 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), கிரேஸ்கேல் (சாம்பல் சாயல்). கறுப்பு-வெள்ளை மோடு வேண்டவே வேண்டாம், மங்கிய புள்ளியெல்லாம் பறந்துவிடும். மொபைல் ஆப் 'பளிச்' ஆக்குவதும் அதே வேலையைத்தான் செய்கிறது. தையலோரம் வளைந்த வரியைத் தனியாக எடுங்கள். அதற்காகப் பைண்டிங்கை உடைக்காதீர்கள். செல்லோ டேப்பும் லேமினேஷனும் பக்கம் வரக்கூடாது.

எண்ணத் தொடங்குமுன் இருபது பக்கத்தைக் கண்ணால் படித்து, சொல் எத்தனை முறை வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே பக்கங்களில் தேடுங்கள். கண்ணுக்குப் பத்து, தேடலுக்கு நான்கு என்றால் அந்தப் பிடிஎஃப்பில் எண்ணிக்கைக் கணக்கே போடாதீர்கள். எந்தெந்த வடிவத்தைத் தேடினீர்கள் என்ற பட்டியலையாவது பின்னிணைப்பில் வையுங்கள், தயவுசெய்து.