மஞ்சப்பை யார் கையில்?

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து மதுரைக்கு பஸ் ஏறி வருபவர்கள்தான் சுகர் பார்க்கும் டாக்டரான என்னிடம் அதிகம். கணவன், மனைவி சேர்ந்து வந்தால் முதலில் ஃபைல் இருக்கும் மஞ்சப்பை யார் கையில் என்று பார்ப்பேன். சுகர் அவருக்கு, பை அந்த அம்மாவிடம். "காலையில என்ன மாத்திரை போடுறீங்க?" என்று அவரைக் கேட்டால் பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வரும்.

சுகர் அந்த அம்மாவுக்கு என்றால் தனியாகத்தான் வருவார். டெஸ்ட் எடுத்தீர்களா என்றால், "அவருக்கு எடுத்தாச்சு டாக்டர்" என்பார்.

ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மாவுக்கு இரவானால் படபடப்பு, வியர்வை, கை நடுக்கம். பயந்த கோளாறு என்று மந்திரித்துக் கயிறும் கட்டியாகிவிட்டது. விசாரித்தால், கிளைமிபிரைடு என்ற சுகர் மாத்திரையைச் சீட்டில் எழுதியபடி எட்டு மணிக்குச் சரியாகப் போட்டிருக்கிறார். அப்புறம் வீட்டுக்காரருக்கும் இரண்டு மகன்களுக்கும் தோசை சுட்டுப் போட்டு, பாத்திரம் ஒதுக்கி, தான் சாப்பிட உட்காரும்போது மணி பத்து. சோறு வந்ததா இல்லையா என்று அந்த மாத்திரை பார்க்காது, இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும், சுகர் இறங்கிவிடும். தப்பு அவருடையது இல்லை. 'சாப்பாட்டுக்கு முன்' என்று எழுதிய நான், எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்கவில்லை. தட்டு முன்னால் வந்த பிறகு மாத்திரையைத் தொட்டால் போதும் என்று மாற்றிச் சொன்னேன். இப்போதெல்லாம் யார் வந்தாலும், வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார் என்று கேட்டுவிடுகிறேன்.

சுகர் 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். 'எனக்குத்தான் சுகராச்சே' என்று அந்த நேரத்தில் தயங்கக் கூடாது.

ஆண்களின் கதை வேறு. டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் பத்தியம், மற்ற நாளெல்லாம் ராத்திரி புரோட்டாவும் சால்னாவும். வெறும் வயிற்று அளவு நன்றாக வரும். ஆனால் ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை இரண்டு மூன்று மாத வண்டவாளத்தைச் சொல்லிவிடும். மனைவி மருந்து வாங்க எழுந்து போனதும் குரலைத் தாழ்த்தி ஒரு விஷயம் சொல்வார்கள். விறைப்புக் குறைவு சுகரில் சகஜம்தான், ரத்தக் குழாயும் நரம்பும் கெடுவதால் வருவது. சில சமயம் இதயக் குழாய் அடைப்புக்கு முன்னறிவிப்பும் அதுதான். இதற்குக் கடையில் தானாக மாத்திரை வாங்கிப் போடுவது ஆபத்து. நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவருக்கு ரத்த அழுத்தம் ஒரேயடியாக விழுந்துவிடும்.

பெண்கள் அந்த அளவுக்குக்கூடச் சொல்வதில்லை. அரிப்பு, நீர்க்கடுப்பு எல்லாம் 'வெயில் சூடு' கணக்கில் போய்விடும். மதுரை வெயில் அதற்கு வசதியான சாட்சி! மாதவிலக்கு நிற்கும் வரை பெண்ணுக்கு இதயத்தில் ஓரளவு பாதுகாப்பு உண்டு, சுகர் அதைப் பறித்துவிடும். மாரடைப்பே நெஞ்சு வலி இல்லாமல் மூச்சு வாங்கல், குமட்டல், அசதி என்று வரலாம். கேஸ் என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடாதீர்கள்.

கர்ப்பத்தில் சுகர் இருந்து, பிரசவத்தோடு போய்விட்டது என்று விட்டவர்கள் இன்னும் நிறையப் பேர். பிள்ளை பிறந்து 6 முதல் 12 வாரத்துக்குள் ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரசவ ஃபைல் பீரோவில் துணிக்கு அடியில்தான் கிடக்கும். அடுத்த தடவை அவரோடு துணைக்கு வரும்போது அதையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.