வீடு மாறிய உறுப்புகள், விலாசம் மாறாத நரம்புகள்

என் சித்திக்குப் பித்தப்பையில் கல். லேப்ராஸ்கோபி முறையில் பையையே எடுத்துவிட்டார்கள். மறுநாள் பார்க்கப் போனபோது, வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "வயித்துல நாலு ஓட்டை போட்டாங்க, அங்க அவ்வளவா வலியில்லடா. இந்த வலது தோள்பட்டைதான் உயிர் போகுது. மயக்கத்துல கிடந்தப்போ யாரோ கையை முறுக்கிட்டாங்க" என்றார்.

யாரும் முறுக்கவில்லை. அறுவை சிகிச்சைக்கு இடம் வேண்டும் என்பதற்காக வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி உப்ப வைப்பார்கள். வேலை முடிந்ததும் வெளியேற்றிவிட்டாலும், கொஞ்சம் உள்ளேயே தங்கிப்போய் மேலே ஏறி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் அடியில் நிற்கும். உறுத்தல் அங்கேதான். ஆனால் மூளை அதைத் தோள்பட்டை வலி என்று படிக்கிறது. ஏன் இந்தக் குழப்பம் என்று தேடிப் போனால், நாம் பிறப்பதற்கு ஏழெட்டு மாதங்களுக்கு முந்தைய கதை ஒன்றில் போய் முட்டிக்கொள்வோம்.

முதலில் வயரிங். உடம்புக்கும் மூளைக்கும் இடையே போக்குவரத்து நடத்தும் நரம்புகளில் 12 ஜோடி கபால நரம்புகள். இவை மண்டையோட்டின் துளைகள் வழியே வெளியே வருகின்றன. தண்டுவடத்திலிருந்து முள்ளெலும்புகளின் இடுக்கு வழியே வருபவை 31 ஜோடி. கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே திருவெலும்பில் 5, வாலெலும்பில் 1. கழுத்தில் இருப்பவை ஏழே முள்ளெலும்புகள்தான். நரம்பு மட்டும் எட்டு எப்படி? முதல் நரம்பு முதல் எலும்புக்கு மேலே கிளம்பிவிடுகிறது, எட்டாவது ஏழாம் எலும்புக்குக் கீழே வருகிறது. ஐந்து விரலுக்கு நடுவில் நான்கு இடுக்குதான், ஆனால் இரண்டு ஓரத்தையும் சேர்த்தால் ஆறு. அதே கணக்குதான்.

ஒவ்வொரு தண்டுவட நரம்புக்கும் இரண்டு வேர்கள். முதுகுப் பக்கமுள்ள பின்வேர் உணர்வுகளை உள்ளே கொண்டுவரும். முன்வேர் தசைகளுக்கான கட்டளையை வெளியே கொண்டுபோகும். வருவதற்கு ஒரு வாசல், போவதற்கு ஒரு வாசல். 1811-ல் ஸ்காட்லாந்து மருத்துவர் சார்லஸ் பெல் இதில் பாதியைத் தொட்டார். 1822-ல் பிரான்சில் உடலியல் அறிஞர் மஜெந்தி நாய்க்குட்டிகளின் வேர்களைத் தனித்தனியாக வெட்டி முழுமையாகக் காட்டினார். யார் முதலில் என்ற சண்டை அவர்கள் காலத்தோடு ஓயவில்லை. கடைசியில் இந்த இரண்டு வாசல் விதிக்கு இருவர் பெயரையும் சேர்த்து வைத்துவிட்டார்கள். அந்த நாய்க்குட்டிகளின் பெயர் எதுவும் விதியில் இல்லை.

இந்த நரம்புகள் தோலைப் பங்கு பிரித்துக்கொண்டிருக்கும் விதம் விசித்திரமானது. பட்டை பட்டையாகப் பிரித்திருக்கின்றன. முலைக்காம்பு மட்டத்துப் பட்டை மார்பின் நான்காம் நரம்புக்கு, தொப்புள் பட்டை பத்தாம் நரம்புக்கு. கட்டைவிரல் கழுத்தின் ஆறாம் நரம்பு, நடுவிரல் ஏழாவது, சுண்டுவிரல் எட்டாவது. நின்றுகொண்டு பார்த்தால் கை கால்களில் இந்தப் பட்டைகள் கன்னாபின்னாவென்று வளைந்து போகும். குழந்தை தவழ்வதுபோல் கையும் காலும் ஊன்றிப் பாருங்கள்: தலையில் தொடங்கி ஆசனவாய் வரை வரிசை ஓரளவு ஒழுங்காக வந்துவிடும். கருவில் உடம்பு மண்புழுவைப் போலக் கணுக்கணுவாகத்தான் அடுக்கப்படுகிறது. ஒரு கணுவுக்கு ஒரு ஜோடி நரம்பு. பிறகு அந்தக் கணுக்களிலிருந்து கையும் காலும் முளைத்து நீளும்போது, தோல் தன் நரம்பையும் இழுத்துக்கொண்டு போகிறது.

இந்தப் பட்டைகளைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு, யாருக்கும் வரக்கூடாத வழி. அக்கி. சின்ன வயதில் சின்னம்மை போட்டுவிட்டுப் போகும் வைரஸ் உண்மையில் போவதில்லை. பின்வேர்களில் இருக்கும் நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொள்கிறது. முதுமையிலோ, எதிர்ப்புச் சக்தி குறையும்போதோ விழித்து, தான் படுத்திருந்த நரம்பின் வழியாகவே தோலுக்கு இறங்கி வருகிறது. அதனால்தான் கொப்புளங்கள் முதுகில் தொடங்கி விலாவைச் சுற்றி, நடுக்கோட்டைத் தாண்டாமல், ஒரே பக்கமாக அரைஞாண் போல வருகின்றன. நம் ஊரில் குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். அந்தக் காவி நரம்பு முடிச்சில் இருக்கும் வைரஸை ஒன்றும் செய்யாது. (கொப்புளம் கிளம்பிய மூன்று நாட்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் முழுப் பலன், எழுதிவிட்டுக் காத்திருந்தால் அந்த நாட்கள் போய்விடும்.) இதே கொப்புளங்களை வைத்துத் தோலின் நரம்பு வரைபடத்தைத் தயாரித்தவர் ஹென்றி ஹெட் என்ற ஆங்கிலேய மருத்துவர். ஆர்வம் அத்தோடு நிற்கவில்லை. 1903-ல் தன் இடது முன்னங்கைத் தோல் நரம்புகளை வெட்டச் சொல்லி, உணர்ச்சி எப்படித் திரும்பி வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் நண்பர் ரிவர்ஸை விட்டுச் சோதிக்க வைத்தார்.

இப்போது சித்தியின் தோள்பட்டைக்கு வரலாம். கரு உருவான நான்காவது வாரத்தில் உதரவிதானத்தின் மூலத்திசு இருப்பது கழுத்து மட்டத்தில். அங்கேயே கழுத்தின் 3, 4, 5-ஆம் நரம்புகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. அடுத்த சில வாரங்களில் உடம்பு வளர வளர அது நெஞ்சுக்கூட்டின் அடிக்கு இறங்கிவிடுகிறது. பிடித்த நரம்பு விடவில்லை. கழுத்திலிருந்து நெஞ்சு முழுக்க நீண்டு கூடவே வருகிறது. கழுத்தெலும்பு மேல்பக்கம் முறிந்தவர்கள் மூச்சுவிட முடியாமல் போவதற்கு இதுதான் காரணம். மூச்சை இழுக்கும் முக்கியத் தசை வயிற்றுக்கு மேலே. அதன் சுவிட்ச் கழுத்தில். அதே நரம்புகள்தான் தோள்பட்டைத் தோலுக்கும் போகின்றன. உள்ளுறுப்பிலிருந்து வரும் இழைகளும் தோலிலிருந்து வரும் இழைகளும் தண்டுவடத்தில் ஒரே செல்களில் வந்து சேர்கின்றன. தோலிலிருந்து தினமும் ஆயிரம் செய்தி வருகிறது. உதரவிதானத்திலிருந்து வருவது வாழ்நாளில் எப்போதோ ஒருமுறை. ஆகவே பழகிய முகவரியையே மூளை எழுதிவிடுகிறது.

மாரடைப்பில் இடது கையின் உட்பக்கம் வலிப்பதும் இதே கணக்கு: இதயத்தின் வலி இழைகள் சேரும் மார்பின் மேல் நரம்புகள்தான் அந்தத் தோலுக்கும் பொறுப்பு. குடல்வால் வீங்கும்போது முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமாக வலிக்கும், ஏனென்றால் அதன் இழைகள் போய்ச் சேர்வது பத்தாம் நரம்பின் மட்டத்தில். வீக்கம் வளர்ந்து வயிற்றின் உட்சுவரைத் தொட்டதும், அந்தச் சுவருக்கு உரிய நரம்பு சரியான இடத்தைச் சொல்லிவிடும். வலி வலது அடிவயிற்றுக்கு "நகர்ந்துவிட்டது" என்போம். வலி எங்கும் நகரவில்லை, சொல்லும் ஆள்தான் மாறியிருக்கிறார். விரைகளும் வயிற்றின் பின்சுவரில் உருவாகிக் கீழே இறங்கி வந்தவை. படாத இடத்தில் கிரிக்கெட் பந்து பட்ட பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவதன் மர்மம் இதுதான்.

தண்டுவடமே இந்த இடமாற்றத்தில் மாட்டிக்கொண்ட ஒன்றுதான். மூன்றாம் மாதக் கருவில் முதுகெலும்புக் குழாயின் முழு நீளத்துக்கும் அது இருக்கும். பிறகு எலும்பு வேகமாக வளர, தண்டுவடம் பின்தங்கிவிடுகிறது. பெரியவர்களுக்கு இடுப்பின் முதல், இரண்டாம் எலும்புகளுக்கு நடுவிலேயே அது முடிந்துபோகிறது. கீழ் நரம்புகள் தங்கள் பழைய வாசலைத் தேடி நீளமாக இறங்குகின்றன. பார்ப்பதற்குக் குதிரைவால் போல இருப்பதால் மருத்துவத்தில் அதன் பெயரும் அதுவே. சிசேரியனுக்கு முதுகில் ஊசி போடும்போது அதற்கும் கீழே குத்துவார்கள். அங்கே தண்டுவடம் இல்லை. ஊசி வந்தால் மிதக்கும் நரம்பிழைகள் பெரும்பாலும் விலகிக்கொள்ளும். இடுப்பில் ஜவ்வு விலகினால் கால் பெருவிரல் வரை மின்னல் அடிப்பதும் இந்த இறங்கும் நரம்புகள் நசுங்குவதால்தான். காலுக்கு எத்தனை தைலம் தேய்த்தாலும் நசுங்கிய இடம் முதுகில் இருக்கிறது.

கபால நரம்புகள் இப்படி ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. பார்வை நரம்பு நரம்பே இல்லை, மூளையின் நீட்சி. கண்ணை உருட்ட மட்டும் மூன்று நரம்புகள். ஏழாவதான முக நரம்பு ஒரு பக்கம் செயலிழந்தால் முகவாதம். அதில் அந்தப் பக்கத்துப் புருவத்தையும் உயர்த்த முடியாது. பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றி சுருங்கும், ஏனென்றால் நெற்றித் தசைக்கு மூளையின் இரு பக்கமிருந்தும் கட்டளை வருகிறது. மருத்துவர் "புருவத்தைத் தூக்குங்க" என்று சொல்வது அதைப் பார்க்கத்தான். (நீங்களே வீட்டில் பார்த்து முடிவுகட்ட வேண்டாம், வாய் கோணினால் உடனே மருத்துவமனை.)

எனக்குப் பிடித்தது பத்தாவது, வேகஸ். லத்தீனில் நாடோடி என்று பொருள். மண்டையிலிருந்து இறங்கி, தொண்டை, இதயம், நுரையீரல், இரைப்பை, பெருங்குடலின் பெரும்பகுதி வரை சுற்றிவிட்டு, காதுத் துளைக்குள் ஒரு சின்னக் கிளையையும் விட்டுவைத்திருக்கிறது. காது குடையும்போது சிலருக்கு இருமல் வருவது அந்தக் கிளையால். குரல்வளைக்குப் போகும் இதன் கிளையைப் பாருங்கள். இடது பக்கத்தில் அது கழுத்தில் குரல்வளையைத் தாண்டி, நேராக நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவுக்கு அடியில் நுழைந்து, மறுபடி மேலே ஏறிவருகிறது. மீன்களில் இந்த நரம்பும் அந்தத் தமனியும் செவுள்களுக்குப் பக்கத்தில் அடுத்தடுத்து இருந்தவை. சுற்று என்று எதுவும் கிடையாது. கழுத்து என்று ஒன்று வந்து, இதயம் கீழே இறங்கியபோது, தமனியின் கொக்கியில் நரம்பு மாட்டிக்கொண்டது. ஒட்டகச்சிவிங்கியில் இந்த வீண் பயணம் 4 மீட்டரைத் தாண்டும்.

இரண்டாம் நூற்றாண்டு ரோமில் காலன் (Galen) என்ற கிரேக்க மருத்துவர், வீறிட்டுக் கத்தும் பன்றியின் இந்த நரம்பைக் கட்டிக் காட்டினார்; பன்றி உயிரோடு துள்ளியது, சத்தம் மட்டும் நின்றுவிட்டது. பேச்சு இதயத்திலிருந்து வருகிறது என்று நம்பியவர்கள் கூட்டத்தில் இருந்தார்கள். இன்று தைராய்டு அறுவை செய்பவர் முதலில் தேடிப் பத்திரப்படுத்துவதும் இதே இழையைத்தான். வாரக்கணக்கில் குரல் கம்மிப் போனவரை, தொண்டையில் ஒன்றும் தெரியவில்லை என்றால், நெஞ்சைப் படம் எடுத்துவரச் சொல்வார்கள். நுரையீரலின் மேற்பகுதியிலோ பெருந்தமனி வளைவிலோ கட்டியோ வீக்கமோ இருந்தால், முதலில் நசுங்குவது அந்தக் கொக்கியில் மாட்டியிருக்கும் நரம்பு.

சித்திக்கு மூன்றாம் நாள் வாயு கரைந்து தோள்பட்டை சரியாகிவிட்டது. மேலே உள்ள எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும், கையை முறுக்கினது யாருன்னு விசாரிச்சியா?" என்றார்.