எலும்பு கூடிய பிறகும் எரிகிற கை

நகரி, புத்தூர் பக்கமிருந்தும், இந்தப் பக்கம் பள்ளிப்பட்டிலிருந்தும் மணிக்கட்டு உடைந்தவர்கள் திருத்தணியில் எங்களிடம் பிசியோதெரபிக்கு வருவார்கள். பாதிப் பேருக்கு மாவுக்கட்டு, மீதிப் பேருக்குப் புத்தூர் கட்டு. எது ஒசத்தி என்ற பஞ்சாயத்து இங்கே வேண்டாம். கட்டைப் பிரித்து, எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரேயும் சொன்ன பிறகு, கை எரிகிறது என்று அழுதுகொண்டு வருகிற சிலரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

பவர்லூமுக்குத் தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) சுற்றுகிற ஒரு அம்மா அப்படித்தான் வந்தார். விரல்கள் வீங்கிப் பளபளவென்று இருந்தன. உள்ளங்கையில் ஒரே வியர்வை. முந்தானை உரசினாலே துடித்தார். ஃபேன் காற்று படக்கூடாது என்று கையைத் துண்டில் சுற்றி வயிற்றோடு அணைத்து வைத்திருந்தார். விரலில் ஆரம்பித்த வலி முழங்கைக்கு ஏறி, அப்புறம் தோளையும் பிடித்துக்கொண்டது. வீட்டிலோ, “எலும்புதான் கூடிடுச்சே, இன்னும் என்ன வலி? வேலைக்குப் போக நோகுது” என்று மாமியார் பேச்சு.

இதற்குப் பெயர் காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம், சுருக்கமாக சி.ஆர்.பி.எஸ். 1994-இல் வைத்த பெயர். நோய் பழசு: அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடி பட்ட சிப்பாய்களிடம் இதே எரிச்சலை வெய்ர் மிட்செல் என்ற டாக்டர் 1864-லேயே எழுதி வைத்திருக்கிறார். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும், மணிக்கட்டு முறிவுக்குப் பின் சிலருக்கு வரும். தறியை நிறுத்திய பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருப்பது மாதிரி, காயம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் வலியை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இதைக் காட்டிக்கொடுக்கத் தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. நிறம், சூடு, வீக்கம், வியர்வை, அசைவு எல்லாவற்றையும் பார்த்து, கிருமித் தொற்றும் ரத்தக்குழாயில் ரத்த உறைவும் இல்லை என்று உறுதி செய்துதான் டாக்டர் முடிவுக்கு வருவார். (கட்டு போட்டிருக்கும்போதே விரல் மரத்து, நீலமானால் அது வேறு கதை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.)

வலிக்கிறதே என்று கையை அசைக்காமல் வைத்திருந்தால் வலி இன்னும் பரவ இடம் கொடுக்கிறோம். தோள் இறுகுவதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். அதற்காக எண்ணெய் போட்டு இழுத்து உருவிவிடவும் கூடாது, ஐஸ் வைக்கவும் கூடாது. முதலில் பஞ்சால் ஒரு நிமிடம் தடவுவோம். அது பழகியதும் பழைய மெல்லிய பருத்திச் சேலை, அப்புறம் சொரசொரப்பான துண்டு. நல்ல கையைக் கண்ணாடி முன்னால் அசைத்து, பிம்பத்தை மட்டும் பார்க்கச் சொல்வதும் உண்டு. வலிக்கிற கையே அசைகிறது என்று மூளை நம்பத் தொடங்கும். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் பலருக்குக் கை கொடுக்கிறது.

அடுத்து, டென்ஷனுக்கும் இந்த வலிக்கும் உள்ள தொடர்பு. மனசுதான் நோய்க்குக் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் குழுத் தவணை கட்டுகிற நாளில் கை அதிகமாக எரிகிறது என்று அந்த அம்மா சொன்னது பொய்யில்லை. பதற்றத்தில் சுரக்கிற அட்ரினலின் இந்த நரம்புகளை மேலும் கிளப்பிவிடும். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுவது, காலையும் இரவும் ஐந்து நிமிடம். தூக்கமும் முக்கியம். இதற்குத் தருகிற அமிட்ரிப்டிலினை, “இது மனநோய் மாத்திரையாச்சே” என்று மெடிக்கல் ஷாப்பில் யாரோ சொன்னதும் தூக்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள். நரம்பு வலிக்குக் குறைந்த அளவில் தருகிற மருந்து அது. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

அந்த மாமியாரையும் ஒருநாள் வரவழைத்தேன். வீங்கிய கையையும் நல்ல கையையும் அருகருகே வைத்துக் காட்டினேன். “நெஜமாவே சூடா இருக்கே” என்றார். விரல் பயிற்சியை எண்ணுகிற வேலையை அவரிடமே கொடுத்துவிட்டேன். அவர் எண்ணினால் ஒன்றுகூடக் குறையாது.

வலி குறைந்த நாளில் துணி முழுவதையும் துவைத்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துவிடுவதுதான் பலரும் செய்கிற காரியம். பாதி துவையுங்கள், மீதியை மறுநாளைக்கு வையுங்கள். வலி கூடின நாளில் பயிற்சியைப் பாதியாக்குங்கள், விட்டுவிடாதீர்கள். “எப்ப மேடம் தார் சுத்தப் போகலாம்?” என்று கேட்பவர்களிடம் நான் தேதி சொல்வதில்லை. பலருக்கு ஒரு வருடத்துக்குள் நன்றாகவே குறைகிறது, சிலருக்கு விறைப்பு மிஞ்சும். முதலாளியிடம் பேசி, தினமும் ஒரு மணி நேரம் மட்டும் உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறேன்.