புகை அடங்கும் முன் வாயில் வைக்காதீர்கள்

ஃப்யூஷன் உணவகங்களில் இப்போது திரவ நைட்ரஜன் (கடுங்குளிரில் திரவமாக்கிய நைட்ரஜன் வாயு) ஊற்றுவதால் பானி பூரியும் புகைகிறது, ரசமலாயும் புகைகிறது, கடைசியாக வரும் பீடாவும் புகைகிறது. கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி, "புகை போறதுக்குள்ள வாயில போடு" என்று குழந்தையை அவசரப்படுத்தும் பெற்றோரைப் பார்த்தால் வயிற்று அறுவை மருத்துவர்களான எங்களுக்குக் கோபம்தான் வருகிறது. புகை போன பிறகுதான் அதைச் சாப்பிடவே வேண்டும்.

2012இல் இங்கிலாந்தின் லங்காஸ்டரில், திரவ நைட்ரஜன் கலந்த காக்டெயிலைக் குடித்த 18 வயதுப் பெண்ணின் உயிரைக் காப்பாற்ற இரைப்பையையே அகற்ற வேண்டியிருந்தது. 2017இல் குருகிராமில் அதேபோன்ற காக்டெயிலைக் குடித்த ஒருவருக்கு இரைப்பை கிழிந்தது. 2024 ஏப்ரலில் கர்நாடகத்தின் தாவணகெரேயில் புகை பிஸ்கட் தின்ற சிறுவன் துடித்த காணொளி எல்லார் கைபேசிக்கும் வந்தது. அடுத்த மாதமே, கல்யாண வரவேற்பில் புகை பீடா தின்ற பெங்களூரைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமியின் இரைப்பையில் ஓட்டை விழுந்த செய்தி வந்தது. இன்னும் எத்தனை பேருக்கு வயிற்றைத் திறக்க வேண்டும்?

"கையில ஊத்திக் காட்டினாங்க டாக்டர், ஒண்ணும் ஆகல" என்பதுதான் எப்போதும் வரும் பதில். இந்த வித்தையை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடுமே, அதேதான் இங்கும் நடக்கிறது. திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியில் கொதிப்பது. அதற்கு நம் உள்ளங்கையே காய்ந்த கல். தொட்ட நொடியில் இடையில் ஒரு வாயுப் படலம் உருவாகி, திரவம் வழுக்கி ஓடிவிடுகிறது. கை தப்பிப்பது அதனால்தான், அதுவும் ஒரு கணத்துக்கு மட்டும். பிஸ்கட்டிலும் பாப்கார்னிலும் திரவம் துளைகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். பானி பூரியோ உள்ளே கூடு. மேலே புகை குறைந்தாலும் அடியில் திரவம் தேங்கி நிற்கலாம். கடித்ததும் அது நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே சிக்கும். உருண்டு ஓட இடமில்லை. கையில் ஊற்றிக் காட்டுவது வாய்க்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

விழுங்கினால் குளிரைவிட வாயுதான் பெரிய ஆபத்து. ஒரு பங்கு திரவம் ஏறத்தாழ 700 பங்கு வாயுவாக விரியும். 10 மில்லி உள்ளே போனால் 7 லிட்டர். ஒன்றரை லிட்டர் பிடிக்கும் இரைப்பை என்ன செய்யும்? பெரும்பாலும் விரிந்துகொடுக்கும் தன்மை குறைந்த உள்வளைவுப் பகுதியில்தான் கிழிகிறது.

இவ்வளவு ஆபத்துக்கும் ஈடாகச் சுவையாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. அந்தப் புகை, காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து மூட்டமாவதுதான். அதற்கு மணமே கிடையாது. உறைந்த உணவில் இனிப்பு மட்டுப்படும், ஏலக்காய், சீரகத்தின் மணமும் எழாது. கரித்துண்டில் நெய் விட்டுப் போடும் புகை வேறு: அது மேலே எழும், மணக்கும். நைட்ரஜன் புகை கீழ்நோக்கி வழியும், வாசனை இராது. மேசையில் அடையாளம் காண இது போதும்.

புகை முழுவதும் அடங்கும் வரை காத்திருங்கள். அடங்கிய பிறகும் கிண்ணத்தைச் சாய்த்து, அடியில் திரவமோ வெள்ளைக் கட்டியோ இருக்கிறதா என்று பாருங்கள். கட்டி இருந்தால் அது உலர்பனி, அதாவது உறைந்து கட்டியான கார்பன் டை ஆக்சைடு. ஒரு கிராமே அரை லிட்டர் வாயுவாகும். 2024 மார்ச்சில் குருகிராமில் வாய்ப் புத்துணர்ச்சிக்கென்று அதைக் கொடுத்து, தின்றவர்கள் இரத்த வாந்தி எடுத்தார்கள். மூக்கிலும் வாயிலும் புகை விடும் விளையாட்டு வேண்டவே வேண்டாம், ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு அறவே கூடாது.

உணவக நடத்துநர்களே, பரிமாறும் முன் திரவம் முழுக்க ஆவியாகியிருக்க வேண்டும் என்று தமிழக உணவுப் பாதுகாப்புத் துறை 2024இலேயே எச்சரித்துவிட்டது. சமையலறையில் ஊற்றுங்கள், அங்கேயே ஆவியாக விடுங்கள், காற்றோட்டம் இருக்கட்டும். மேசையில் ஊற்றாதீர்கள்.

விழுங்கிய பின் வயிறு உப்பி இறுகினால், கடும் வலி வந்தால், மூச்சு முட்டினால், தோள்பட்டை வலித்தால், தாமதிக்காதீர்கள். "கேஸ்" என்று சோடா கொடுக்காதீர்கள். வாந்தி எடுக்கவைக்காதீர்கள், தண்ணீர்கூட வேண்டாம். அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். திரவ நைட்ரஜன் அல்லது உலர்பனி உள்ளே போயிருக்கிறது என்பதை அவசரப் பிரிவில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் "ஹோட்டல்ல சாப்பிட்டது ஒத்துக்கல" என்றால், நச்சுணவு என்று எண்ணிக் குளுக்கோஸ் ஏற்றுவதிலேயே நேரம் போய்விடும். சொன்னால் உடனே நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்து, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் கீழே, இரைப்பை ஓட்டையானதைக் காட்டும் காற்று தெரிகிறதா என்று பார்ப்பார்கள்.