வாய்க்கால் பக்கம் இழுத்த பிரேக்

மன்னார்குடியிலிருந்து கும்பகோணத்துக்கு மெயின் ரோட்டை விட்டு உள்ரோட்டில் வந்தால், பாதி தூரம் வாய்க்காலும் கூடவே வரும். தடுப்புச் சுவர் கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் வயல், நடுவில் ஒன்றரை வண்டி அகலத்துக்குத் தார். போன ஐப்பசியில் அப்படி ஒரு ரோட்டில், முழங்கால் அளவு தேங்கிய தண்ணீரைத் தாண்டி என் பிரீமியர் பத்மினியை ஓட்டி வந்தேன். எதிரே ஆட்டு மந்தை. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது, ஆனால் நேராக நிற்கவில்லை. ஸ்டியரிங் கையை மீறித் திரும்பி, இடது டயர் வாய்க்கால் கரைப் புல்லில் ஏறிய பிறகுதான் நின்றது. ஆடுகள் எதையும் கண்டுகொள்ளவில்லை.

கும்பகோணத்தில் எனக்கு வண்டி பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். "வலது டிரம்முல தண்ணி பூந்திருக்கும் தம்பி. காயற வரைக்கும் இடதுதான் பிடிக்கும்" என்றார்.

"முன்னாடி ரெண்டுக்கும் டிஸ்க் போட்டுடலாமாண்ணே?"

"போடலாம். ஆனா டிஸ்க் போட்டா சட்டுன்னு நின்னுடும்னு நெனச்சுப் போடாதீங்க."

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அதை நினைத்துத்தான் போடுகிறார்கள். நானும்தான். அண்ணன் சொன்னது எவ்வளவு சரி என்று புரிய ஒரு வாரம் பேனாவும் காகிதமுமாக உட்கார வேண்டியிருந்தது.

பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றும் கருவி. ஆளோடு சேர்த்து 1,000 கிலோ வரும் வண்டி மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போனால் அதனுள் சுமார் 250 கிலோஜூல் ஆற்றல் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடாக்க வேண்டிய ஆற்றலும் கிட்டத்தட்ட அதேதான். டீக்கடைக்காரர் அடுப்பில் வைத்துச் சில நிமிடம் எடுத்துச் செய்கிற வேலையை பிரேக் மூன்று, நான்கு விநாடியில் செய்கிறது. வேகம் பாதியானால் ஆற்றல் பாதியாகாது, கால் பங்காகிவிடும். ஊருக்குள் 40-ல் போகும்போது எந்தப் பழைய பிரேக்கும் நன்றாகத் தெரிவதற்கு அதுதான் காரணம்.

இதில் பெரும்பங்கை முன் சக்கரங்களே சுமக்கின்றன. பிரேக் பிடித்தால் வண்டி மூக்கைக் குனிகிறது அல்லவா? பத்மினியின் முன், பின் அச்சுகளுக்கு இடையே 2.34 மீட்டர். எடையின் மையம் தரையிலிருந்து அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருப்பதாக வைத்துக்கொண்டு, ஓங்கி ஒரு பிரேக் பிடித்தால், ஏறக்குறைய 165 கிலோ பின்னாலிருந்து முன்னால் சாய்கிறது. சரிபாதியாக 500-500 என்று நின்ற எடை 665-335 ஆகிவிடும். காசு செலவழிப்பதானால் முதலில் முன்பக்கம் என்பது இதனால்தான்.

இப்போது டிரம்முக்கு வருவோம். 1960-களின் ஃபியட் 1100 டிலைட்தான் பிறகு பத்மினி ஆனது. நான்கு சக்கரத்திலும் டிரம். டிரம் என்றாலே மட்டம் என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது உடன்பாடில்லை. உள்ளே இருப்பது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. சுழலும் இரும்புக் குடத்துக்குள் பிறை வடிவில் இரண்டு ஷூ. மிதித்தால் அவை விரிந்து குடத்தின் உள்சுவரில் உரசும். சுழலும் திசையை எதிர்கொண்டு நிற்கும் ஷூவைக் குடமே தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். காற்றில் அடிக்கும் கதவுக்கு அடியில் ஆப்பு வைக்கிறோமே, கதவு தள்ளத் தள்ள ஆப்பு இறுகுகிறதே, அதே கதைதான். காலுக்கு அதிக வேலை இல்லை. மிதிக்கும் விசையைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் இல்லாத அந்தக் காலத்து வண்டிகளை ஒல்லியான ஆட்களும் நிறுத்த முடிந்தது இந்த ஆப்பின் புண்ணியத்தால்.

ஆனால் வில்லங்கமும் அதே ஆப்பில்தான். அது நல்லதைப் பெருக்குவது போலவே கெட்டதையும் பெருக்கும். ஷூவின் மேல் ஒட்டிய உராய்வுப் பட்டையான லைனிங் நனைந்தோ, கிரீஸ் பட்டோ உராய்வு கால் பங்கு குறைந்தால், டிரம்மின் பிடி கால் பங்கோடு நிற்காது, அதைவிடக் கூடுதலாக விழும். இடது டிரம் காய்ந்தும் வலது டிரம் நனைந்தும் இருந்தால் வித்தியாசம் ஒன்றுக்கு இரண்டாகிவிடும். வண்டி வாய்க்காலைப் பார்த்துத் திரும்பியது இப்படித்தான். போதாததற்கு, டிரம் மூடிய பானை. புகுந்த தண்ணீரும் சேறும் எளிதில் வெளியே வராது.

டிஸ்க்கில் ஆப்பும் கிடையாது, பானையும் கிடையாது. திறந்தவெளியில் சுழலும் ஒரு வட்டத்தட்டை இரு பக்கமும் பேட் என்ற உராய்வுக் கட்டை வைத்து நெரிக்கிறோம், அவ்வளவுதான். உராய்வு கால் பங்கு குறைந்தால் பிடியும் கால் பங்குதான் குறையும். தண்ணீர் பட்டால் சுழற்சியே அதை வீசியெறிந்துவிடும். மிச்சத்தை பேட் வழித்துவிடும். சூடானால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகிப் போகும், பெடல் கீழே இறங்கும். டிஸ்க்கோ சூடானால் தடித்து பேடை நோக்கி வரும்.

இங்கிலாந்துக்காரர் லாஞ்செஸ்டர் 1902-லேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அது பேர் வாங்க 1953 வரை ஆனது. அந்த ஆண்டு பிரான்ஸில் 24 மணி நேர லெ மான் பந்தயத்தில் டிஸ்க் போட்ட ஜாகுவார் ஜெயித்தது. ஒரே ஒரு முறை நிறுத்துவது என்றால் நல்ல டிரம்மும் போதும். சுற்றுக்குச் சுற்று, நூற்றுக்கணக்கான தடவை ஒரே மாதிரி நிறுத்த வேண்டியிருந்ததில்தான் டிஸ்க் முந்தியது.

டெல்டா தட்டையான பூமி. ஏற்காடு, கொல்லிமலை வண்டிக்காரர்களுக்கு இருக்கும் சூட்டுப் பிரச்சினை நமக்குக் குறைவு; இங்கே பெரிய இறக்கம் என்றால் ஆற்றுப் பாலத்தின் சரிவுதான். நம் எதிரி தண்ணீர், களிமண் சேறு, அறுவடைக் காலத்தில் ரோட்டில் காயும் நெல்லும் வைக்கோலும். வைக்கோல் மேல் எந்த பிரேக்கும் ஒன்றும் செய்ய முடியாது. கடைசியில் வண்டியை நிறுத்துவது டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே உள்ள பிடிமானம். பழைய டிரம்மே சக்கரத்தைப் பூட்டி வழுக்கவைக்கும் அளவு பிடிக்கிறது என்றால், அதே டயரில் டிஸ்க் போட்டு ஒரு அடி கூட மிச்சம் பிடிக்க முடியாது. அண்ணன் சொன்னது இதைத்தான். கிடைப்பது நேராக நிற்பதும், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி நிற்பதும். கரையோர ரோட்டில் எனக்கு வேண்டியதும் அதுவே.

சரி, ஆப்பு போய்விட்டதே, அந்த பலத்துக்கு எங்கே போவது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கணக்கைப் பாருங்கள். கால் 30 கிலோ அழுத்துகிறது. பெடலின் நெம்புகோல் அதை ஐந்து மடங்காக்கி 150 கிலோவாக, பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குக் கொடுக்கிறது. சிலிண்டர் 19 மி.மீ. விட்டம் என்றால் பரப்பு 2.84 சதுர செ.மீ.; ஆயிலில் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 53 கிலோ அளவுக்கு வரும். டிஸ்க்கைக் கவ்வி நிற்கும் காலிப்பரின் பிஸ்டன் 48 மி.மீ. என்றால் பேடை நெரிக்கும் விசை சுமார் 950 கிலோ. இரு முகத்தில் உரசி, சக்கரத்தின் ஆரத்துக்கு மாற்றிப் பார்த்தால், முன் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து ரோட்டைப் பிடிக்கும் விசை ஏறக்குறைய 500 கிலோ வருகிறது. காய்ந்த ரோட்டில் முன் டயர்கள் தாங்குவதும் கிட்டத்தட்ட அவ்வளவே. பொருத்தம் சரி.

இப்போது "பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால் பிரேக் நல்லா பிடிக்கும்" என்று யாரோ சொல்ல, 22 மி.மீ. வாங்கி மாட்டுகிறோம். பரப்பு 3.8 ஆகிறது. அழுத்தம் 40-க்கு இறங்கிவிடும். அதே நிறுத்தத்துக்கு 30 கிலோவுக்குப் பதில் 40 கிலோ மிதிக்க வேண்டும். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கும். கடையில் மிதித்துப் பார்ப்பவர் "சூப்பரா இருக்கு" என்பார். ரோட்டில்தான் தெரியும். நேர்மாறாக மிகச் சிறியது போட்டால் லேசாகப் பிடிக்கும், ஆனால் பெடல் தரை வரை போகும். காலிப்பரை நிரப்ப அத்தனை ஆயில் தள்ள வேண்டுமே. விசையைக் கூட்டினால் தூரத்தில் கொடுத்தாக வேண்டும். இந்த இழுபறியைச் சமாளிக்கத்தான் எஞ்சினின் உறிஞ்சலில் வேலை செய்யும் வேக்குவம் பூஸ்டர்.

டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டர் பலவற்றில் வாய்ப் பக்கம் ஒரு சின்ன வால்வு ஒளிந்திருக்கும். ஷூவை விரிக்கும் வீல் சிலிண்டரின் ரப்பர் எப்போதும் விரிந்தே இருக்க, லைனில் லேசான அழுத்தத்தைத் தேக்கி வைப்பது அதன் வேலை. ஷூவைப் பின்னிழுக்க ஸ்பிரிங் இருப்பதால் டிரம்முக்கு அது தொந்தரவில்லை. டிஸ்க்கில் ஸ்பிரிங்கே கிடையாது. பிஸ்டனைச் சுற்றிச் சதுர முகம் கொண்ட ஒரு ரப்பர் வளையம் உண்டு. மிதிக்கும்போது அது பிஸ்டனோடு கொஞ்சம் முறுக்கிக்கொண்டு போகும், விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பி பிஸ்டனை மயிரிழை அளவு பின்னிழுக்கும். பேட் தேயத் தேய பிஸ்டன் வளையத்தில் வழுக்கி முன்னேறிக்கொள்ளும். அடிக்கடி டைட் வைக்கும் வேலையே இல்லை. அந்தப் பழைய வால்வு மாறாமல் இருந்தால், தேங்கிய அழுத்தம் இந்த மயிரிழையை விழுங்கிவிடும். பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும், ரிம் சுடும், பெட்ரோல் குடிக்கும். எதனால் என்று தெரியாமல் பேரிங் மாற்றியவர்கள் உண்டு.

மாற்றுவதென்றால் ஒற்றைச் சுற்று சிலிண்டரை விட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை உள்ள டேண்டம் சிலிண்டராகவே மாற்றுங்கள். ஒரு ஹோஸ் வெடித்தாலும் பாதி பிரேக் மிஞ்சும். டிஸ்க்கில் ஓட்டை போட்ட ரகம் வேண்டுமா என்று கடையில் கேட்டார்கள். நம் வேகத்துக்கு அது நகை, அவ்வளவுதான். ஓட்டை ஓரத்தில் விரிசல் விழுவதுதான் மிச்சம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், டிரம் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். நனைத்துத் துடைத்தால் போதும். காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டை மட்டும் சிக்கனம் பார்க்காமல், அளவெடுத்துக் கனமான பிளேட்டில் லேத்தில் கடைந்து வாங்க வேண்டும். மொத்த விசையும் அந்த இரண்டு போல்ட்டில்தான் இறங்குகிறது.

பிரேக் ஆயிலில் எனக்குப் பழைய சூடு ஒன்று உண்டு. முன்பு ஒரு பட்டறையில் அவசரத்துக்கு ஏதோ ஒரு ஆயிலை ஊற்றிக் கொடுத்தார்கள். கனிம எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் ஊறிப் பெருத்துவிடும்; ஒரே மாதத்தில் சிலிண்டருக்குள் இருக்கும் எல்லா ரப்பர் பக்கெட்டும் வீங்கிப் போயின. சரியான ஆயிலுக்கும் ஒரு குணம் உண்டு: காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 என்ற ரகத்துப் புதிய ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு அவை 230, 155. கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடல் பஞ்சு. கார்த்திகை மாதம் உப்பு டப்பாவே கசியும் ஊரில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுவது நல்லது.

எல்லாம் மாட்டி முடித்த அன்று, லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, அக்கா மகன் பெடலில் உட்கார்ந்தான். "மிதி… பிடிச்சுக்க… விடு." காலிப்பர் நிப்பிளில் செருகிய டியூப் வழியே முதலில் பழுப்பு ஆயில், அப்புறம் சோடா மாதிரி குமிழி, அப்புறம் தெளிவாகத் தேன் நிறம். இருபது தடவைக்கு மேல் ஆனது. "மாமா, இப்ப மேலயே நிக்குது" என்றான்.

மறுநாள் விடிகாலை தஞ்சாவூர் ரோட்டில் 60-லிருந்து 20 வரை பத்து தடவை, முழுக்க நிறுத்தாமல் மிதித்து மிதித்து பேடைப் பழக்கினேன். நடுவே நிறுத்தி நின்றால் சூடான பேட் ஒரே இடத்தில் தடம் பதித்துவிடும். திரும்பும்போது அதே வாய்க்கால் ரோடு, அதே குட்டை. தாண்டியதும் மிதித்தேன். முதல் கணம் ஒரு சின்னத் தயக்கம். டிஸ்க் மேல் ஒட்டிய தண்ணீரை பேட் வழிக்கும் நேரம். அப்புறம் பிடித்தது. ஸ்டியரிங் அசையவில்லை. இன்னும் ஓங்கி மிதித்தபோது பின்பக்கம் லேசாக வாலாட்டியது.

அண்ணனிடம் சொன்னேன். "முன்னாடி பலம் கூடினா இன்னும் எடை முன்னாடி சாயும், பின் சக்கரம் லேசாயிடும். பின்னாடி போற அழுத்தத்தக் குறைக்கணும். பின்னாடி இருக்கறது இன்னும் டிரம்தான தம்பி" என்று சொல்லிவிட்டு ஜாக்கியை எடுத்தார்.