குழந்தை வளரும் வீட்டுக்குப் பணமாகவே உதவுவது பற்றி ஆய்வுகள் சொல்வது

ஏழைக் குடும்பத்தின் கையில் பணமாகக் கொடுத்தால் அது குழந்தைக்குப் போய்ச் சேராது என்ற எண்ணம் ஊரிலும் இருக்கிறது, நான் பணிபுரியும் அமெரிக்காவிலும் இருக்கிறது. குழந்தைகள் மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருக்கும் நான், நன்றாகப் படித்த நம் தமிழ் நண்பர்களிடம்கூட இதை அடிக்கடி கேட்கிறேன். பொருளாகக் கொடுங்கள், பணமாகக் கொடுக்காதீர்கள் என்பார்கள். வார்டில் நான் பார்ப்பதும், இத்துறையில் வெளிவந்த ஆய்வுகளும் அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

டயப்பரை எடுத்துக்கொள்வோம். ஏழைகள் உணவு வாங்க அமெரிக்க அரசு தரும் ஃபுட் ஸ்டாம்ப் அட்டையில் அரிசி, பால், காய்கறி வாங்கலாம். ‘விக்’ என்று எல்லோரும் அழைக்கும் தாய் சேய் ஊட்டச்சத்துத் திட்டத்தில் பால் பவுடர் கிடைக்கும். இந்த இரண்டிலுமே டயப்பர் வாங்க முடியாது. குழந்தைக் காப்பகங்களோ, அன்றைக்குத் தேவையான டயப்பரைப் பெற்றோரே கொண்டுவர வேண்டும் என்று பெரும்பாலும் கேட்கின்றன. டயப்பர் இல்லாத நாளில் குழந்தையை அங்கே விட முடியாது. விட முடியாவிட்டால் தாய் வேலைக்குப் போக முடியாது. போகாத நாளுக்குச் சம்பளமும் கிடையாது. ஒரே டயப்பரை நெடுநேரம் மாற்றாமல் விட்டதால் தோல் வெந்து வரும் குழந்தைகளுக்கு மருத்துவர் களிம்பு எழுதித் தருவார், ஆனால் அந்தக் குழந்தைக்கு உண்மையில் தேவைப்படுவது வேறு. அதைவிட ஆபத்தானது, மாதக் கடைசி வரை டப்பா வர வேண்டும் என்பதற்காகப் பால் பவுடரில் தண்ணீரைக் கூட்டிக் கலப்பது. அளவுக்கு மீறிய தண்ணீரால் குழந்தையின் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பே வந்துவிடும். எப்படிக் கலக்க வேண்டும் என்பது அந்தத் தாய்க்குத் தெரியாமலில்லை. எந்த வாரத்தில் எது தீர்ந்துபோகும் என்பதும் அவருக்கே தெரியும் என்பதால்தான், முன்கூட்டியே பட்டியலிட்டுத் தரப்படும் பொருள்களைவிடப் பணம் அவருக்கு அதிகம் உதவுகிறது.

அப்படியானால் அமெரிக்காவில் பண உதவித் திட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1996 ஆகஸ்டில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் அதுவரை இருந்த உதவித் திட்டத்தை நீக்கி, ‘டேனஃப்’ என்ற தற்காலிக உதவியைக் கொண்டுவந்தது. மத்திய அரசின் பணத்தில் ஒரு குடும்பம் வாழ்நாளில் 60 மாதங்கள் வரைதான் உதவி பெறலாம். வேலை அல்லது வேலைதேடலுக்கான சான்றுகளைத் தொடர்ந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மாநிலங்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,650 கோடி டாலர் என்று அன்று நிர்ணயித்த தொகை, விலைவாசி எவ்வளவோ ஏறிய பிறகும் உயர்த்தப்படவில்லை. வறுமையிலிருந்த நூறு குடும்பங்களில் 1996-இல் 68 குடும்பங்களுக்குப் பண உதவி சென்றது. 2020-இல் 21 குடும்பங்களுக்கு மட்டுமே சென்றது. அண்மை ஆண்டுகளில் இந்நிதியில் கால் பங்குக்கும் குறைவே நேரடியாகக் குடும்பங்களின் கைக்குப் போகிறது. மீதியைப் பல்வேறு திட்டங்களுக்குச் செலவிட மாநிலங்களுக்கு உரிமை உண்டு. சில மாநிலங்களில் அது கல்லூரி உதவித்தொகையாகக்கூடப் போகிறது. மிசிசிப்பியில் மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 260 டாலர்தான் உச்சவரம்பு, அதுவும் 2021-இல் 170-லிருந்து உயர்த்தப்பட்ட பிறகு. அதே மாநிலத்தில் இந்நிதியில் கோடிக்கணக்கான டாலர் தவறாகச் செலவிடப்பட்டதும், அதில் ஒரு பகுதி பல்கலைக்கழக வாலிபால் அரங்கத்துக்குப் போனதும் தணிக்கையில் வெளிவந்தன. ஏழைத் தாய் பணத்தை வீணடிப்பார் என்று அஞ்சுகிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பண உதவியின் நீண்டகாலப் பலனைப் பற்றிய ஆய்வுகளில் என் மனத்தில் ஆழமாக நின்றது 2016-இல் வெளிவந்தது. 1911-இல் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கிப் பிற மாநிலங்களுக்கும் பரவிய ‘தாய்மார் ஓய்வூதியம்’, பெரும்பாலும் கணவனை இழந்த ஏழைத் தாய்மார்களுக்கு மாதாமாதம் பணம் தந்தது. அந்தப் பழைய விண்ணப்பப் பதிவேடுகளைத் தேடியெடுத்த பொருளியல் ஆய்வாளர்கள், உதவி கிடைத்த தாய்மார்களின் மகன்களையும், விண்ணப்பித்து மறுக்கப்பட்ட தாய்மார்களின் மகன்களையும் அவர்கள் இறக்கும் காலம் வரை பின்தொடர்ந்து ஒப்பிட்டார்கள். உதவி பெற்ற வீட்டு மகன்கள் சராசரியாக ஓராண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள், சற்றுக் கூடுதலாகப் படித்தார்கள், இளம் வயதில் 14 விழுக்காடு அதிகம் சம்பாதித்தார்கள். சில ஆண்டுகளே கிடைத்த ஒரு சிறு தொகையின் பலன் அறுபது, எழுபது ஆண்டுகள் கழித்தும் தெரிந்திருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அண்மைக்கால உதாரணம், குழந்தை உள்ள குடும்பங்களுக்கு வரிக்கணக்கு வழியாகக் கிடைக்கும் குழந்தை வரிச் சலுகை 2021-இல் தற்காலிகமாக விரிவாக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலை முதல் டிசம்பர் வரை, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாதம் 300 டாலரும் அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 250 டாலரும் பெரும்பாலான குடும்பங்களின் வங்கிக் கணக்குக்கே வந்தன. வருமானமே இல்லாத குடும்பத்துக்கும் முழுத் தொகை கிடைத்தது என்பதுதான் இதில் முக்கியம். வரிச் சலுகைகளையும் அரசு உதவிகளையும் வருமானத்தில் சேர்த்துக் கணக்கிடும் அரசின் துணை வறுமை அளவீட்டின்படி 2020-இல் 9.7 விழுக்காடாக இருந்த குழந்தை வறுமை 2021-இல் 5.2 ஆகக் குறைந்தது. நாடாளுமன்றம் அந்த விரிவாக்கத்தை நீட்டிக்கவில்லை. 2022-இல் குழந்தை வறுமை 12.4 ஆக ஏறியது.

எல்லா ஆய்வுகளும் ஒரே குரலில் பேசுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நியூயார்க், நியூ ஆர்லியன்ஸ் உள்ளிட்ட நான்கு நகர்ப் பகுதிகளில் ஆயிரம் ஏழைத் தாய்மார்களைச் சேர்த்து, குலுக்கல் முறையில் ஒரு பிரிவினருக்கு மாதம் 333 டாலரும் மற்றவர்களுக்கு 20 டாலரும் நிபந்தனையின்றிக் கொடுத்த ஆய்வில், நான்கு வயதில் குழந்தைகளின் மொழித்திறன் முதலியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மாதம் 333 டாலர் மூளை வளர்ச்சியை மாற்றிவிடும் என்று நாம் வாக்குக் கொடுக்கக் கூடாது. அதே ஆய்வில், கூடுதல் பணம் பெற்ற தாய்மார்கள் குழந்தைக்கான பொருள்களுக்கு அதிகம் செலவிட்டார்கள் என்பதும், மது, புகையிலைச் செலவு கூடவில்லை என்பதும் தெரிந்தன. குழந்தைக்கு டயப்பரும் பாலும் தேவை என்பதற்குத் தேர்வு மதிப்பெண்ணில் சான்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நிபந்தனையோடு கொடுப்பதா, இல்லாமல் கொடுப்பதா என்ற கேள்வியும் உண்டு. தமிழ்நாட்டில் 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம், கர்ப்பகாலப் பரிசோதனை, தடுப்பூசி ஆகியவற்றோடு தவணைகளை இணைக்கிறது. செவிலியர் வீடு தேடி வரும் இடத்தில் இது பொருந்தும். மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் 2024 ஜனவரியில் தொடங்கிய திட்டமோ, கர்ப்பகாலத்தில் 1,500 டாலரும் பிறந்த பின் ஓராண்டுக்கு மாதம் 500 டாலரும் வருமான வரம்பே பார்க்காமல் கொடுக்கிறது. குடிநீரில் ஈயம் கலந்ததை வெளிக்கொணர்ந்த குழந்தை மருத்துவர் மோனா ஹன்னாதான் இதையும் வழிநடத்துகிறார்.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சில செய்திகள். கிரீன் கார்டு பெற்றவர்களில் பெரும்பாலோர் ஐந்தாண்டு முடியும் வரை டேனஃப் பெற முடியாது, ஆனால் இங்கே பிறந்த குடிமக்களான குழந்தைகளின் பெயரில் மட்டும் விண்ணப்பிக்க வழி உண்டு. அப்படிப் பணம் பெறுவது உங்கள் குடியேற்ற விண்ணப்பத்தைப் பாதிக்குமா என்ற விதிகள் மாறிக்கொண்டிருப்பதால், முதலில் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். குறைந்த வருமானம் என்று வரிக்கணக்கே தாக்கல் செய்யாத குடும்பங்கள் குழந்தை வரிச் சலுகையை இழக்கின்றன. ‘வீட்டா’ எனப்படும் இலவச வரி உதவி மையங்கள் மூலம் மூன்று ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்து பெறலாம். உதவி மறுக்கப்பட்டால் அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காகிதம் ஒன்று குறைந்ததால் மட்டுமே மறுக்கப்பட்ட விண்ணப்பங்களை நான் நிறையப் பார்க்கிறேன். மேல்முறையீட்டுக்கான கடைசித் தேதி கடிதத்திலேயே இருக்கும். அந்தத் தேதிக்குள் உங்கள் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் காட்டினால், முறையீட்டை எழுத உதவுவார்.